பாலிகஞ்ச் அமுக்கரா

பாகீரதியிடம் ஒரு காரியம் நடக்காது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால், அதை நடத்திக் காட்டுகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. கல்கத்தா டாக்குரியாவில் மருந்துக்கடை வைத்திருந்த வங்காள ஆயுர்வேத வைத்தியர் கவிராஜ் தாரகநாத் சென்னுக்கு இது தெரியாது. பாவம், சொல்லி மாட்டிக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. பாகீரதியின் கணவர் சுந்தரேசன் கும்பகோணத்துக்காரர். சர்க்கார் கணக்கு ஆபீஸில் உத்தியோகம் கிடைத்துக் கல்கத்தா வந்து, பாலிகஞ்சில் தோட்டத்தோடு ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார். அந்தக் காலத்து பாலிகஞ்சில் வீடுகளைவிடக் குளங்கள்தான் அதிகம். ஒரு மழைக்காலத்தில் வந்த ஜுரம் சுந்தரேசனை உருக்கிப் போட்டுவிட்டுப் போயிற்று. ஜுரம் விட்டும் பலம் வரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கியது.

கவிராஜ் அமுக்கராக் கிழங்குச் சூரணம் கொடுத்தார். மேற்கே வறண்ட சீமையிலிருந்து மூட்டையாக ரயிலில் வரும் கிழங்கு அது. நல்ல சரக்கு வந்த மாதம் சுந்தரேசன் எழுந்து ஆபீஸுக்குப் போவார். உளுத்த சரக்கு வந்த மாதம் மறுபடியும் கட்டிலோடு கட்டில். மூட்டைக்கு மூட்டை புருஷன் உடம்பு ஏறி இறங்குவதைப் பாகீரதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இங்கேயே பயிர் செய்தால் என்ன?" என்று தனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டாள்.

கவிராஜ் சிரித்தார். "இந்தச் சேற்றில் இலைதான் வரும், மா. கிழங்கு நூல் மாதிரி இருக்கும். அது நடக்காது."

"நடந்தால் உங்கள் உரலில் போட்டு இடிப்பீர்களா?"

"பச்சையாகக் கொண்டு வாருங்கள். என் கையால் ஒடித்துப் பார்ப்பேன். சடக்கென்று ஒடிந்து உள்ளே வெள்ளை மாவாக இருந்தால், அப்புறம் வெளியூர்ச் சரக்கை நான் தொடமாட்டேன்."

முதல் வருஷம் போட்டதெல்லாம் மழையில் அழுகிப்போயிற்று. பாகீரதி செங்கல் உடைசலும் ஆற்றுமணலும் கொட்டி, பாத்தியைத் திட்டுத்திட்டாக உயர்த்தினாள். மறு வருஷம் அழுகவில்லை. ஆனால் கவிராஜ் சொன்னபடி நூல்தான். பிடுங்கிப் போட்ட குவியலில் ஒரே ஒரு வேர் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அதன் விதை கிடைத்தால் தேவலையே என்று நினைத்தாள். ஆனால் செடிதான் பிஞ்சோடு வெளியே வந்துவிட்டதே! கத்தரிக்காயானால் நல்லதாகப் பார்த்து விதைக்கு விடலாம். இது மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற சரக்கு. பார்க்க வேண்டுமானால் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் செடி போயிற்று.

இதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மார்கழியில் பழம் சிவக்கிறவரை எந்தச் செடியையும் தொடுவதில்லை. பழுத்ததும் ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாகத் துணியில் முடிந்து, அந்தந்தச் செடியின் காலடியிலேயே வைத்துவிடுவாள். அப்புறம்தான் பிடுங்குவது. வேர் தடித்திருந்தால் அதன் முடிச்சு கூடைக்கு, மற்றதெல்லாம் குப்பைக்கு. சுந்தரேசனின் கிழிந்த வேஷ்டிகளெல்லாம் இப்படி விதை முடிச்சாகவே தீர்ந்தன. வருஷத்துக்கு வருஷம் நூல் கயிறாயிற்று, கயிறு சுண்டுவிரலாயிற்று.

இப்படிச் சில வருஷம் போனபின், ஒரு போகிக்கு முதல் நாள் பாத்தி மூலையில் ஒரு செடியைப் பிடுங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் தடிமனில், நேராக, வழவழவென்று ஒரு கிழங்கு! அதை மட்டும் செடியோடு ஈரக்கோணியில் சுற்றி, காலையில் கவிராஜிடம் கொண்டுபோக வைத்தாள். மற்றவற்றை நறுக்கிக் காயப்போட்டாள். அதன் விதையும் பொறுக்கியெடுத்த மற்ற முடிச்சுகளும் தாழ்வாரத்துக் கூடையில் இருந்தன.

போகியென்றால் பாகீரதிக்குச் சாமி வந்த மாதிரிதான். விடியுமுன் வீட்டையே தலைகீழாகப் புரட்டிப்போட்டாள். "பழந்துணி ஒண்ணு பாக்கி இருக்கப்படாது. கண்ணுல பட்டதெல்லாம் கொண்டுபோய் நெருப்புல போடுங்கோ" என்று கணவருக்கு உத்தரவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். மதராஸிகள் தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்துகிறார்கள் என்று வருஷாவருஷம் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு வங்காளிகள் அன்றும் பார்த்தார்கள்.

குளித்துவிட்டு வந்தவள் நெருப்பில் ஏதோ படபடவென்று பொரிவதைக் கேட்டாள். தாழ்வாரத்துக்கு ஓடினாள். கூடை காலி.

"ஏன்னா, இதுல இருந்த முடிச்செல்லாம் எங்கே?"

"போட்டாச்சு. நீதானே ஒண்ணு விடாம போடச் சொன்னே?"

கல்யாணமான நாளாகச் சொன்ன சொல் தட்டாத மனுஷரை என்னவென்று கோபித்துக்கொள்வது? பாகீரதி அடுப்படியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சுந்தரேசன் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "கோணியில அந்த ஒரு கிழங்கு இருக்கோல்லியோ? கவிராஜ்கிட்டக் காட்டிடு. நீ ஜெயிச்சதாவது மிஞ்சும்."

அழுகை சட்டென்று நின்றது. "அவர் ஒடிச்சுப் பார்த்துட்டு பேஷ்னுவார். அப்புறம்? உங்களுக்கு வருஷா வருஷம் வேணுமே!"

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். செடியின் கிளைகளைக் கழித்துவிட்டுக் கிழங்கை முன்போலவே மண்ணில் இறக்கி, மேலே ஓலைப்பாயைச் சாய்த்து நிழல் கட்டினாள். பிறகு வெறுங்கையோடு டாக்குரியா போனாள்.

"கிழங்கு எங்கே, மா?"

"மண்ணில் இருக்கிறது. அடுத்த போகிக்கு வீட்டுக்கு வாருங்கள். பாத்தி முழுக்கப் பிடுங்கிக் காட்டுகிறேன்."

கவிராஜ் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மண்ணுக்கு மேலே இருந்ததெல்லாம் காய்ந்து கருகிவிட்டது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. மாசி பிறந்து ஒரு நாள், கிழங்கின் கழுத்தருகே மிளகு அளவு பச்சை தெரிந்தது. "பாருங்கோன்னா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் மறுபடியும் சுவரில் ஏறினார்கள். அது துளிர்த்து, பூத்து, காய்த்தது. அந்த விதையை மட்டும் மழை தணிந்ததும் பாத்தி முழுக்க விதைத்தாள்.

அடுத்த போகியன்று சுந்தரேசன் ஒவ்வொரு கந்தலையும் தூக்கிப் பிடித்து, "இது போடலாமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் போட்டார். புது விதைகள் பித்தளைச் செம்பில் பூஜை அலமாரிக்குள் சுவாமிக்குப் பக்கத்தில் இருந்தன. அங்கேயிருந்து எடுத்து யார் எரிக்கிறார்கள் பார்க்கலாம் என்பது பாகீரதியின் எண்ணம்.

கவிராஜ் சொன்னபடி வந்தார். பாகீரதி பிடுங்கப் பிடுங்க அவர் ஒடித்தார். சடக். வெள்ளை மாவு. அமுக்கராவுக்கே உரிய குதிரை வாடை கும்மென்று கிளம்பியது. வரிசைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்துவிட்டு, மூலையில் புதராக நின்ற பழைய செடியைக் காட்டினார். "அதைப் பிடுங்கவில்லையே? அதுதானே பெரிதாக இருக்கும்?"

"அது பிடுங்குவதற்கு இல்லை" என்றாள் பாகீரதி.

அன்றிலிருந்து கவிராஜின் உரலில் பாலிகஞ்ச் அமுக்கராதான் இடிபட்டது. மறு வருஷம் அறுவடை மூட்டையைக் கொண்டுபோகக் கூலியாள் வரவில்லை. சுந்தரேசன் அதைத் தானே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்குரியாவுக்கு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். பின்னால் போன பாகீரதிக்குத்தான் மூச்சு வாங்கியது.

"செத்தே நில்லுங்கோன்னா!" என்று கத்தினாள். அவர் நிற்கவில்லை. அவளும் நிற்கச் சொல்லி மறுபடி கூப்பிடவில்லை.