பெயருக்குக் கீழே ஒரு வரி

நான் வேலை செய்யும் ஹூஸ்டன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வெளியே போகுமுன், என் முதலாளியான சட்டத்தரணி ரூத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. 'குற்ற வழக்கு விசாரணையில் போர்ட் சேர்ட்டிஃபைட்' என்பதுதான் அந்த வரி; அந்தத் துறையில் தேர்ந்தவர் என்று ஒரு சபை கொடுக்கும் சான்று. ஒரு சட்டத்தரணி தனக்கு எது கைவந்தது என்று சோதனை எழுதிக் காட்டுவதும், மற்ற வழக்குகளோடு வருபவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவதும் எனக்கு இன்னும் புதினம்தான். வந்த புதிதில் ரூத், உங்கள் ஊரில் நீங்கள் எந்த வகை வழக்குகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். "எல்லாம்" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நானோ உண்மையைத்தான் சொன்னேன்.

திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. காலையில் காணி உறுதி, மத்தியானம் விவாகரத்து, இடையில் யாராவது அடிபட்டு வந்தால் அதுவும். கறுப்புக் கோட்டுப் போட்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று சனம் நம்பியது. நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அப்படித்தான் இலங்கைத்துறையிலிருந்து பூமணி அக்கா வந்தார். மீன்வாடிச் சண்டையில் ஒருவன் குத்துப்பட்டு இறந்துபோக, அவருடைய மூத்த மகன் யோகனைப் பிடித்திருந்தார்கள்.

"கொலை வழக்கு அக்கா. பெரிய ஆளா ஒராளைப் பாப்பமோ?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்கட காணியை மீட்டுத் தந்தது நீங்கள் தம்பி. பிள்ளையையும் நீங்கள்தான் மீட்டுத் தரோணும்."

அந்தப் புகழ்ச்சி இனித்தது. ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான், மூழ்கியவன் யோகன். யோகன் குத்தியதைக் கண்டதாக ஒரே ஒரு சாட்சி சொன்னான். அவன் பொலிசுக்குக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் யோகனின் பெயரே இல்லை. குறுக்கு விசாரணையில் அதை அவன் முகத்துக்கு நேரே வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தாள் என் வழக்குக் கோவைக்குள்தான் கிடந்தது. அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, வேறொருவரிடம் போய்க் கேட்கவும் வெட்கம். யோகனுக்கு மரண தண்டனை விதித்தார்கள்; அங்கே அதை நிறைவேற்றுவதில்லை, ஆயுள் முழுக்கச் சிறைதான். விசாரணையில் எழுப்பாததை இப்போது எழுப்ப முடியாது என்று மேன்முறையீட்டில் சொல்லிவிட்டார்கள்.

சென்ற மாதம் ரூத் தன் சான்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். தீர்ப்புவரை நடத்திய வழக்குகள் எவை? எந்த நீதிபதி, எதிர்த்தரப்பில் யார்? சபை அவர்களிடமே விசாரிக்குமாம். சான்று பெற்றவர்கள் எல்லாரும் வெல்வார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நான் நடத்திய கொலை வழக்குகள் பூச்சியம் என்று எழுதியிருப்பேன், யோகனுக்கு வேறொருவர் பேசியிருப்பார். படிவம் நிரப்பிய அன்று முழுவதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரமே வாட்ஸ்அப் வீடியோவில் பூமணி அக்கா எடுத்தார். இளைய மகன் குமாரையும் ஒரு அடிதடி வழக்கில் பிடித்துவிட்டார்களாம்.

"நீங்கள் ஒருக்கா வந்து நிண்டாக் காணும் தம்பி."

"எனக்கு ஏலாது அக்கா. யோகன்ட வழக்கும் எனக்கு ஏலாததுதான். அந்தச் சாட்சி முதல்ல குடுத்த வாக்குமூலத்தில யோகன்ட பேர் இல்லை. நான் கேக்காம விட்டனான்."



"கேட்டிருந்தா யோகன் வெளிய வந்திருப்பானோ?"

"வந்திருக்கலாம் அக்கா."

அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை.

"அப்ப இவனுக்கு ஆரைப் பிடிக்கிறது? ஆருக்கு அந்தக் கேள்வியெல்லாம் கேக்கத் தெரியும்? பேரைச் சொல்லுங்கோ."

ஹூஸ்டனில் யாராவது இதைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடுவேன். திருகோணமலை நீதிமன்றத்தில் பதினான்கு வருடம் நின்றவன் நான். அங்கே யாருக்கு நல்ல குரல், யார் யாருக்கு மருமகன், யார் எந்தக் கோயிலுக்குத் தலைவர் என்பதெல்லாம் அத்துப்படி; குற்ற வழக்கில் யார் கெட்டிக்காரர் என்று மட்டும் எவர் பெயருக்குக் கீழும் வரி இல்லை. பூமணி அக்கா எழுதிக்கொள்ளப் பேனையோடு காத்திருந்தார். சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை.