ஒரு முழ ஒயரும் சென்னையும்

அக்காவின் தலை ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வெண்டைக்காய் விதை அளவுகூட இருக்காது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில்தான் எடுத்தோம். அதனால் அதை முதலில் பார்த்தவளும் நான்தான். தலைவலி தாங்காமல் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்தவள், ஒன்றும் தெரியாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

படத்தைச் சென்னையில் ஒரு மூளை டாக்டருக்கு அனுப்பினோம். மறுநாள் காலை அவரே போன் செய்தார். "இது புதுசா வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு தெரியணும்மா. பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா? அப்பவும் இதே அளவுன்னா பயமில்ல. இல்லன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்."

பழைய ஸ்கேன் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் கரும்பு லோடு ஏற்றும்போது அக்கா டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டாள். அப்போதும் இங்கேதான் எடுத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. போன் லைனில் ஓடிய அன்றைய நெட்டில் ஒரு படம் போய்ச் சேருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் சிடியில் எழுதி, சென்னை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினோம். ரத்தக் கசிவு இல்லை என்று பதில் வந்ததும் அதோடு விட்டுவிட்டோம்.

இன்னொரு சிடி அக்கா வீட்டில் இருந்தது. மாமாவிடம் போனில் கேட்டேன்.

"அதுவா? சோளக்கொல்லையில குருவி வராம இருக்கக் கட்டி வுட்டேனேம்மா," என்றார்.

மிச்சம் இருந்தது மாடி ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். கீழே என் மேஜைக்குக் கொண்டுவந்து, தூசி தட்டி ஸ்விட்சைப் போட்டேன். நெடுநேரம் உறுமிவிட்டு எழுந்தது. ஆனால் படம் காட்டும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, வெறும் நம்பர்கள். எது அக்காவுடையது என்று பார்க்க, அந்த வருஷத்துப் படங்கள் மொத்தத்தையும் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். டிஸ்கைக் கழற்றி மாட்டலாமென்றால், அதன் பட்டைக் கேபிளுக்கு இன்றைய போர்டில் இடமே கிடையாது. சிடி எழுதும் பகுதியும் எப்போதோ செத்திருந்தது. பெட்டியின் பின்னால் இருந்த முதல் காலத்து யூஎஸ்பி ஓட்டை ஒன்றுதான் வழி. அதில் ஒரு முழ ஒயரைச் செருகி, மறுமுனையில் புது டிஸ்க் ஒன்றை மாட்டி, காப்பி கொடுத்தேன்.

பச்சைக் கோடு நகர்ந்ததே தெரியவில்லை. அந்த ஓட்டை வழியாக ஒரு விநாடிக்கு ஒரு எம்பிகூட வரவில்லை. அந்த நாளில் இதையே வேகம் என்று நினைத்தோம். நெட்தான் ஆமை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் டிஸ்க் குதிரை.

இரவு என் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்த அக்கா, என் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "இன்னாடி, இன்னும் ஓடிக்கினே இருக்கு?"

"பொட்டி பழசுக்கா. மெதுவாத்தான் வரும்."

"எனக்கு ஒண்ணும் ஜாஸ்தியா இல்லல்ல?"

"முடியட்டும்க்கா, பார்த்துடலாம்," என்றேன். அவள் சோற்றை வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம் நெருங்கும்போது காப்பி முடிந்தது. புதுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து அக்காவின் பெயரைக் கண்டுபிடித்தேன். டாக்டரைப் போனில் பிடித்துக்கொண்டே படங்களை அனுப்பும் பட்டனைத் தட்டினேன்.

"வந்துடுச்சும்மா. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"முதல் படமா சார்?"

"எல்லாமே வந்தாச்சே."

மவுஸிலிருந்து நான் கையைக்கூட எடுக்கவில்லை. மேஜைமேல் கிடந்த ஒரு முழ ஒயர் ஒரு எம்பியைக் கடத்தும் நேரத்தில், தெருக் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் பத்து எம்பிக்கு மேல் சென்னைக்குத் தள்ளிவிடுகிறது. பக்கத்துப் பெட்டியைவிடச் சென்னை எனக்குக் கிட்டத்தில் இருந்தது. தினமும் அதே கம்ப்யூட்டரில்தான் படம் அனுப்புகிறேன். ஒரு நாளும் இது உறைத்ததில்லை.

பழைய படத்தையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே இடம், அதே அளவு," என்றார். "துளிகூட வளரல. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். ஆபரேஷன் எல்லாம் வேணாம். வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கலாம். தலைவலிக்கு முதல்ல கண்ணைக் காட்டச் சொல்லுங்க."

அக்கா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மதியம் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்துதான் கேட்டாள். "அவ்ளோ தூரம் எப்டிடி அதுக்குள்ள போச்சு?"

வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து போகும் கறுப்பு ஒயர். உள்ளே முடி போலக் கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் ஓடுகிறது என்றேன்.

"வெளிச்சமா? என் மண்ட வெளிச்சமாவா போச்சு?"

"ஆமாக்கா."

அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். டவுன் பஸ் வந்ததும் ஜன்னலோர சீட்டில் ஏற்றிவிட்டேன். வீடு போய்ச் சேர்ந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. தலைவலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அந்த ஒயரு எங்க வூட்டுத் தெரு வரைக்கும் கூடவே வருதுடி," என்றாள். "இவ்ளோ நாளா துணி காயப்போடக்கூட ஒதவாத கம்பின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."