அடுத்த நாற்காலி

அந்த சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி பெரியவருடையது, உள்ளே இருப்பது சின்னவருடையது. அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர், ஆக, சகலைகள். தொழிலிலும் பெரியவர்தான் மூத்தவர். ஆனால் வருகிறவர்கள், காலியாகக் கிடக்கும் அவர் நாற்காலியைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, சின்னவருக்காகக் காத்திருப்பார்கள். பெரியவருக்கு வயிறு பற்றி எரியும். துண்டை உதறுவார். உதறின துண்டையே மறுபடியும் உதறுவார்.

எல்லாம் சின்னவரின் வாய்ஜாலம் என்பது பெரியவர் கட்சி. வீட்டில் மனைவியிடம் அதையே சொல்லிச் சொல்லி ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். டாக்டர் மாத்திரையோடு ஒரு பழக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். கையில் இருக்கும் வேலையில் மனசை வைக்க வேண்டும். கெட்ட நினைப்பு வந்தால் மல்லுக்கு நிற்காமல், வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். தினம் ஒரு நல்ல நினைப்பையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவரும் முயன்று பார்த்தார். கத்தரிச் சத்தத்தைக் கவனிக்கலாம் என்றால், காதில் விழுவதெல்லாம் பக்கத்துக் கத்தரியாகவே இருந்தது. எதிரே கண்ணாடியில் தன் வாடிக்கையாளரைப் பார்க்கப் போன கண், நழுவிப் போய் சின்னவரின் கண்ணாடியில் நிற்கும். நல்ல நினைப்பு என்று அவர் டாக்டரிடம் கொண்டுபோனது ஒன்றே ஒன்று, சின்னவருக்கு ஜலதோஷம் என்பது. அது கணக்கில் சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று காலை, இத்தனை வருஷமாகப் பெரியவரிடமே தலையைக் கொடுத்துவந்த பேங்க் மேனேஜரும் நைசாக உள் நாற்காலிக்குப் போய்விட்டார். பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும், வழக்கம்போலச் சின்னவர் வந்து பெரியவரின் நாற்காலியில் சாய்ந்தார். தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள எந்தக் கொம்பனாலும் முடியாது. அதனால் கடை திறந்த நாள் முதல் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் பழக்கம். சின்னவர் கண்ணை மூடினார். பெரியவர் அந்தப் பிடரியையே பார்த்தார். வெட்டுப்படுகிறவருக்குத் தெரியாத இடம் அது. பெஞ்சில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும் இடமும் அதுதான். கெட்ட நினைப்பு வந்தது. வந்திருக்கிறது என்று பார்த்தார், விடவில்லை. கத்தரி ஒரு கடி கடித்தது. பிடரியில் சின்னதாய் ஒரு படி விழுந்தது.

சின்னவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. வர்றவங்க எல்லாம் என் தலையப் பாத்துட்டு இதே மாதிரி வெட்டுங்கன்னுதான் உக்கார்றாங்க. மேனேஜரும் இன்னிக்கு அதத்தான் கேட்டாரு. யாரு வெட்டினதுன்னு கேட்டா மட்டும் நான் சொல்றதில்ல. சொன்னா உங்ககிட்ட வந்துருவாங்களேன்னு ஒரு இது. உங்க கை எனக்கு வராதுண்ணே."

பெரியவரின் கை அப்படியே நின்றது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் தன்னை அரித்த அதே பூச்சி பக்கத்து நாற்காலியிலும் குடியிருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க, நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

பிறகு வேறெதுவும் காதில் விழவில்லை. படியை மறைக்கச் சுற்றிலும் முடியைக் குறைத்து, சீப்பின் மேல் கத்தரியை ஓட்டிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுக் கைக்கண்ணாடியை எடுத்துப் பின்பக்கம் பிடித்தார்.

"நாளைக்கு யாராவது கேட்டா, யாருன்னு சொல்லு" என்றார்.

சின்னவர் தன் பிடரியை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நல்லா வெட்டிட்டு யாருன்னு சொல்லச் சொன்னா எப்படிண்ணே" என்றார்.

டாக்டரிடம் சொல்ல அன்று ஒரு நல்ல நினைப்பு கிடைத்தது, சின்னவருக்கும் பொறாமை என்பது. இதையும் அவர் கணக்கில் சேர்க்கமாட்டார் என்று தெரிந்ததால், பெரியவர் சொல்லவேயில்லை.