வழக்கு முடியும்வரை சோறு போடும் தாய்

அம்மன் அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போகிறது. கோபிக்க வேண்டாம். கூட்டத்தில் எழுந்து பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் திருவிழாப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

போன வருஷம் மாசியில் கோட்டிலிருந்து கடுதாசி வந்தது. என் வீட்டுக்காரர் விவாகரத்துக் கேட்டிருந்தார். எம்பிலிப்பிட்டிய டவுனில் கடை வைத்து, அங்கேயே வேறொருத்தியோடு இருக்கிறார். அதுவரை செலவுக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தவர், வழக்குப் போட்டதும் நிறுத்திவிட்டார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. முழங்கால் தேய்ந்து, ரப்பர் பால் வெட்டப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரிசி டின்னில் கை விட்டால் அடி தட்டியது.

இலவசமாக வழக்குப் பேசும் ஒரு சிங்கள லோயர் அம்மா கிடைத்தார், நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வழக்கு எத்தனை வருஷம் இழுத்தாலும், அது முடியும்வரை புருஷன் மாதாமாதம் செலவுக்குத் தர வேண்டும் என்று கேட்கலாம் என்றார். கொஞ்சம் தைரியம் வந்தது.

கோட்டுக்குப் போன முதல் தவணை நாளிலேயே அந்தத் தைரியம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்து லோயர், தோட்டத்தில் வேலை நாள் பதியும் செக்ரோலின் பிரதியை நீட்டினார். அதில் என் பெயருக்கு மாதம் இருபது நாள் வேலை விழுந்திருந்தது. சம்பளம் எடுக்கிறவளுக்கு எதற்குச் செலவுக் காசு என்று கேட்டார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "ஒனக்கு முட்டி வலியாம்ல? மலையேறிப் பால் வெட்டுற முட்டிதானே அது," என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

உண்மை இதுதான். என் பெயரில் பால் வெட்டியது பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் செல்வி. புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் தோட்டத்தில் பெயர் பதிய மாட்டார்கள். அதனால் கங்காணி என் பெயரை வெட்டாமல் வைத்து, அவளை வேலைக்கு விட்டார். சம்பளத்தை வாங்கி அப்படியே அவள் கையில் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் இப்படி நடக்கும். அது தப்பு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது வாயைத் திறந்தால் செல்விக்கு வேலை போகும். திறக்காவிட்டால் எனக்குச் சோறு இல்லை. நோனா எத்தனை கேட்டும் பேசாமல் நின்றேன். அடுத்த தவணைக்கு மூன்று வாரம். காலையில் செல்வி வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆத்தா முன்னால் உட்கார்ந்தேன். "என்னால பொய்யும் சொல்ல முடியல, நெசத்தையும் சொல்ல முடியல. நீயே ஒரு வழி காட்டு தாயே," என்று அழுதேன். மனசுக்குள் அழுததாகத்தான் நினைத்தேன். செக்ரோல் கதை முழுவதையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். திரும்பினால், விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த செல்வி நிற்கிறாள்.

அவள் எண்ணெயை விளக்கடியில் வைத்தாள். பிறகு, "பெரியம்மா, ஒங்க சோத்தப் புடுங்கி எம் புள்ளைகளுக்குப் போட மாட்டேன். நானே வந்து சொல்றேன்," என்றாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். கேட்கவில்லை.

தவணை அன்று பஸ்ஸில் அவளுக்கும் பயம். "ரெண்டு வருஷமா ஒங்க பேரக் கூப்பிட்டா நான்தான் கை தூக்குறேன். கோட்டுலயும் ஒங்க பேரச் சொல்லிப்புட்டா என்னா செய்ய?" என்றாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கூண்டில் ஏறி, நடந்ததை ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னாள். நீதிபதி ஐயா எங்கள் இரண்டு பேரையும் கண்டித்தார். என் உயிரே போய்விட்டது. பிறகு என் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்தார். வழக்கு முடியும்வரை என் வீட்டுக்காரர் மாதாமாதம் கோட்டில் காசு கட்ட வேண்டும் என்று கட்டளை போட்டார்.

செல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏழு வாரம் ஒரே பானையில் சாப்பிட்டோம். அதற்குள் நோனா அலைந்து அவளுக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்துக் கொடுத்தார். அட்டையும் வந்தது. இப்போது அவள் சொந்தப் பெயரில் வெட்டுகிறாள். கங்காணி மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வழக்கு முடியவில்லை. தவணை நெருங்கினால் இப்போதும் தூக்கம் வராது. ஆனால் பயத்தை மூடி வைப்பதில்லை. உங்களுக்கும் சொல்ல முடியாத கஷ்டம் இருந்தால் ஆத்தாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை யார் காதில் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

புத்தகம் போடுகிற தம்பிமார், மாதமும் கோட்டு விஷயமும் சரியா என்று நோனாவிடம் ஒருமுறை கேளுங்கள். செல்வியிடமும் கேளுங்கள். ஏழு வாரமா எட்டா என்று அவளுக்குத்தான் தெரியும்.