பின்கேட் சாவி

விபத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறவர்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள் நான். நகரத்துப் பெரிய விமான நிலையம் ஒன்றில் அவசரகாலத் திட்டப் பிரிவில் வேலை. விமானம் தீப்பிடித்தால் யார் எந்த வழியாக ஓட வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் எழுதி, தடித்த புத்தகமாகத் தைத்து, அலமாரியில் பூட்டி வைப்போம். வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை. பத்தரைக்கு விபத்து, பதினொன்றரைக்கு டீ, பன்னிரண்டுக்குப் பாராட்டுரை. தேதி ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இரண்டு தீயணைப்பு வண்டிகள் நேரத்துக்கு வராது.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நெய்வேலிக்குத் திரும்பினேன். அப்பா மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்தவர். நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஊரோரத்து ஓடுதளத்துக்கு விமானம் வரப்போகிறது என்று அப்போது ஒரே பேச்சு. விமானம் வந்ததோ இல்லையோ, அவசரகாலத் திட்டக் குழு வந்துவிட்டது. பெரிய ஏர்போர்ட்டில் இருந்தவள் என்று என்னையும் ஆலோசகராகச் சேர்த்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மேடையில் ஒரு நாற்காலி என்றதும் ஆசை விடவில்லை.

குழுவுக்குத் தலைவர் ஒரு பெரிய அதிகாரி. அவர் செய்த முதல் காரியம், என் பழைய விமான நிலையத்துப் புத்தகத்தை அப்படியே நகல் எடுத்து அட்டையில் ஊர்ப் பெயரை மாற்றியது. அதனால் ஆடு மேயும் எங்கள் ஓடுதளத்துக்கு, வெளிநாட்டுத் தூதரகங்களுக்குத் தகவல் சொல்ல ஓர் அதிகாரி கிடைத்தார். பயணிகளின் உறவினர்கள் காத்திருக்க ஏ.சி. கூடம் ஒன்றும் கிடைத்தது. அது புல்வெட்டும் மெஷின் நிற்கிற தகரக் கொட்டகை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. திருத்தத்தான் கை வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் உருப்படியான பக்கம் ஒன்றே ஒன்று. அது நான் புதிதாக எழுதியது. ஓடுதளத்தின் பின்பக்க மதிலில் ஓர் இரும்புக் கேட் உண்டு. அதன் வழியாக வந்தால் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் நான்கு நிமிஷத்தில் உள்ளே வந்துவிடும். முன்கேட் வழியாகச் சுற்றினால் அரை மணி நேரம். 'அவசரத்தில் பின்கேட்' என்று சார்ட் போட்டு ஆஸ்பத்திரியிலும் ஒன்று ஒட்டினோம்.

ஒத்திகைக்குக் காயம்பட்டவர்களாக நடிக்க ஆள் வேண்டும். அங்கேதான் எங்கள் டவுன்ஷிப் தன் புத்தியைக் காட்டியது. பர்மனென்ட் ஆட்களுக்குப் பச்சை அட்டை: லேசான சிராய்ப்பு, நிழலில் நாற்காலி, கையில் ஜூஸ். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சிவப்பு அட்டை: உயிர் போகிற காயம், வெயிலில் தார்மேல் படுக்க வேண்டும். இப்படித்தான் என்று யாரும் உத்தரவு போடவில்லை. அவரவரே வரிசை பிரிந்து நின்றார்கள். எங்கள் ஊரில் விபத்தில்கூட யாரும் கிரேடு மாறி அடிபட மாட்டார்கள்.

சிவப்பு அட்டைக்காரர்களில் ஒருவர், ஓடுதளத்தில் புல் வெட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பூசிய சாயத்தோடு ஆடாமல் அசையாமல் கிடந்தார். பின்கேட் திறந்தது, ஆம்புலன்ஸ் பாய்ந்து வந்தது, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். "நாலே நிமிஷம்! இனிமே இங்க யாருக்கு என்ன ஆனாலும் பயப்பட வேண்டாம். இருந்த இடத்துலயே இருங்க. ஆம்புலன்ஸ் உங்களத் தேடி வரும்." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று ஒன்றைக் கவனித்தேன். பின்கேட்டில் எப்போதும் நிற்பவர் ஒரு கான்ட்ராக்ட் காவலாளி. கேட்டின் சாவியோ முன்கேட் அறையில் இருக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை எடுக்கிற உரிமை பர்மனென்ட் ஆளுக்கு மட்டும்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஒத்திகைக்காக பர்மனென்ட் அதிகாரி ஒருவர் காலை எட்டு மணியிலிருந்தே சாவியும் கையுமாகப் பின்கேட்டில் குடை பிடித்து நின்றார். நாளைக்கும் இவர் நிற்பாரா என்று மனசில் ஓடியது. அதற்குள் பெரிய அதிகாரி சால்வையோடு கூப்பிட்டார். ஒத்திகை அறிக்கைப் படிவத்தில் 'கேட் திறப்பு: திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சால்வைக்குத் தோளைக் காட்டப் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், புல் வெட்டிக்கொண்டிருந்த அதே மனிதரைக் கண்ணாடி விரியன் கடித்தது. கூட இருந்தவர் பைக்கை எடுத்து வந்து ஏறச் சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுப் பின்கேட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சார்ட்டில் இருந்தபடியே ஆம்புலன்ஸ் நான்கு நிமிஷத்தில் வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றது.

காவலாளி முன்கேட்டுக்குப் போன் செய்தார். சாவி இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சாப்பிட குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தார். பூட்டை உடைத்தால் உடைத்தவன் வேலை அன்றோடு போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். ஏறிக் குதிக்கவும் வழியில்லை, பத்தடித் தகட்டுக் கேட், மேலே முள்கம்பி. ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், இதோ திறந்துவிடுவார்கள் என்று இவர்களும் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் திரும்பி, முன்கேட் வழியாகச் சுற்றி வந்தது. உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை என்று ஒரு கூட்டம் போட்டோம். முந்திரி பக்கோடா கொடுத்தார்கள். திட்டத்தில் குறையில்லை, செயல்படுத்தியதில் சிறு தாமதம் என்று முடிவானது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது, 'திருப்திகரம்' என்று நான் போட்ட கையெழுத்தை. வாயைத் திறக்காமல் பக்கோடா தின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த ஒத்திகைக்கு ஆள் சேர்த்தபோது பெரிய அதிகாரி சொன்னார். "அந்த வடக்குத்து ஆளையே கூப்பிடுங்க மேடம். மேக்கப்பே தேவையில்ல, தத்ரூபமா இருக்கும்."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. துப்புகிற யோக்கியதை எனக்கும் இல்லை. ஒத்திகையில் நடிக்க வருபவர்களுக்கான சம்மதப் படிவம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கால் போனவர் வீட்டுக்குப் போக எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான அன்னிக்கி மைக்குல பேசுனீங்க?"

"வுடு," என்றார் அவர். "மேடம் சொன்ன மாரியே ஆம்புலன்ஸு நாலு நிமிசத்துல வந்துச்சு. நானே எண்ணிகினு இருந்தேன். பைக்கு வாணாம்னு நான்தான் சொன்னேன். மேடம்தான் சொல்லிக்கிறாங்களே, இங்கியே இருப்போம்னு."

சாவி விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். தெரிந்தும் எழுதவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவர் என் பையில் துருத்திக்கொண்டிருந்த படிவத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். வாங்கி மடியில் வைத்து, கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார்.

"இந்த தபா சாவி யாருகிட்டங்க இருக்கும்?"

"ஒரு அதிகாரி வச்சிருப்பார். கேட்டுலயே நிப்பார்."

"அதான் போன தபாவும் நின்னாரே," என்றார். "மறுநாளு யாருகிட்ட இருக்கும் மேடம்?"

அவர் மனைவி படிவத்தை எடுத்து, நான்காக மடித்து, என் பையில் திரும்ப வைத்தார்.