கேடயத்தைத் தொலைத்தது பசவராஜ் அல்ல

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேன்டீனில் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தபோது சண்முகம் போன் செய்தான். "பசவராஜ் போயிட்டான்டா" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். மறுமுனையில் அவன் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சாதாரணக் காய்ச்சல் என்று பத்து நாள் விட்டிருக்கிறார்கள். மஞ்சள் காமாலை என்று தெரிந்து பெங்களூருக்குக் கொண்டுபோன மூன்றாவது நாள் முடிந்துவிட்டது.

இந்த வலைப்பதிவுக்கு வருகிற உங்களுக்குப் பசவராஜைத் தெரியும். 'கேடயத்தைத் தொலைத்த பசவராஜ்' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பாதிப்பேர் இங்கே வர ஆரம்பித்தீர்கள். ஆன்லைன் விளையாட்டு, சினிமா போஸ்டர், சீரியல், ரிங்டோன் என்று வாய்க்கு வந்ததை அரட்டை அடிக்கத்தான் இந்த இடத்தை வைத்திருந்தேன். இன்றைக்கு அரட்டை இல்லை. அந்தப் பதிவு பொய். அதில் எது பொய் என்று சொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தான் நான் எப்படிப்பட்டவன் என்பது விளங்கும். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அவன் என் வயதுக்காரன், ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். நான் தேவகோட்டைப் பக்கம். சண்முகம் குருபரப்பள்ளி, ரோட்டோரம் அவன் அப்பா பங்ச்சர் கடை வைத்திருந்தார். பசவராஜுக்கு அஞ்செட்டியையும் தாண்டி, காட்டுக்குள் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் தெலுங்கு. யாராக இருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். எதற்காவது நான் குதித்தால் "பிடு குரு, பிடு" என்பான். 'விடு' என்பதற்கு அது கன்னடம். சேர்ந்த ஒரு வருடத்துக்குள் பிரஸ் ஷாப்பில் பெரிய மெஷினை அவனிடம் நம்பிக் கொடுத்தார்கள். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற மெஷின் அது. கை உள்ளே இருந்தால் கையையும் வளைக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் எங்கள் விளையாட்டு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிற போர் விளையாட்டு. ஆளுக்கொரு வீரனை வளர்க்க எங்களுக்கு நேரமில்லை. அதனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வீரன். 'மூணு ஷிப்ட்' என்று அவனுக்குப் பெயர் வைத்தோம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று யாருக்கு ஓய்வோ அவர் வந்து அவனை நடத்துவார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் இவன் தூங்கவே மாட்டானா என்று கேட்பார்கள். எங்களுக்குப் பெருமை தாங்காது.

கம்பெனியில் மெஷினை ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குக் கைமாற்றும்போது ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எடுத்த நிலை, செய்த வேலை, விட்ட நிலை. அதே மாதிரி 'மூணு ஷிப்டு'க்கும் நோட்டுப் போட்டது பசவராஜ்தான். நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியது, சென்டர்காரரின் மேஜை டிராயரில் இருக்கும். விளையாட்டுக்கு எதற்கடா இதெல்லாம் என்று நான் கேலி செய்தேன். "கையெழுத்து போட்டா மெஷின் உன்னுது குரு. போடற வரைக்கும் முன்னாடி ஷிப்டுகாரன்து" என்றான். அவன் எழுதும் பக்கங்களைப் பார்க்க வேண்டும். வாள் ஒன்று, கேடயம் ஒன்று, மருந்துக் குப்பி பதினாறு என்று ஸ்டோர் கணக்கு மாதிரி எழுதியிருப்பான். நானோ ஆடி முடித்த பிறகு மூன்று கட்டத்தையும் மொத்தமாக நிரப்பிவிட்டுப் போகிற சோம்பேறி.

அந்த விளையாட்டில் காளை மாதிரி ஒரு மிருகம் கூட்டம் கூட்டமாக வரும். சாய்த்தால் நிறையப் புள்ளி. பசவராஜ் மட்டும் அதைத் தொடவே மாட்டான். சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவான். இவனால் நாங்கள் பின்தங்குகிறோம் என்று சண்முகம் கத்துவான். "ஊட்ல நாலு இருக்குது குரு. லீவுக்குப் போனா அதுங்க மூஞ்சிய நான் பாக்க வேணாமா?" என்று கேட்டான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெங்களூர் எஃப்எம்மில் கன்னடப் பாட்டை மெதுவாக வைத்துக்கொண்டு, மிருகங்களை விட்டுவிட்டு, சுரங்கத்தில் கல் உடைத்து உடைத்தே புள்ளி சேர்த்தான். நான்கு மாதம் அப்படிச் சேர்த்ததில்தான் அந்த நீலக் கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. ஆட்டத்தில் எங்களுக்குத் தெரிந்து வேறு யாரிடமும் அது இல்லை.

இனி என் வண்டவாளம். அந்த வாரம் பசவராஜுக்கு மூன்றாவது ஷிப்ட். காலையில் வேலை முடிந்து எட்டு மணிக்கு சென்டருக்கு வந்து பத்து மணிவரை ஆடுவான். எனக்கு மத்தியானம் தொடங்குகிற இரண்டாவது ஷிப்ட் என்பதால் அவனுக்கு அடுத்து நான். சாயங்காலம் சண்முகம். வியாழக்கிழமை நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வீராங்கனை வந்து பேச்சுக் கொடுத்தாள். பெங்களூர் என்றாள், கல்லூரி என்றாள். உன் கேடயத்தை ஒரு நிமிடம் மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் ஒரு பெண்ணிடம் அவ்வளவு நேரம் பேசியதே அன்றுதான். பல்லைக் காட்டிக்கொண்டு கழற்றிக் கொடுத்தேன். அடுத்த நொடி ஆளைக் காணோம். அது பெண்ணே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வியர்த்து வழிய நோட்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால், சத்தியமாக, உண்மையை எழுதத்தான். ஆனால் மேலே பசவராஜின் வரியைப் பார்த்தேன். என்றைக்கும் வரிசையாக எழுதுகிறவன் அன்றைக்கு மட்டும் 'எல்லாம் சரி' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். லீவு போட்டு ஊருக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த பஸ். கேடயம் உண்டு என்று அவன் எழுதவில்லை. என்னுடைய கட்டமோ வழக்கம்போல வெறுமையாக இருந்தது. 'எடுத்த நிலை' என்ற கட்டத்தில் 'கேடயம் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணக்கூட இல்லை, அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பஞ்சாயத்து. சண்முகம் கண்டபடி கத்தினான். பசவராஜ் நோட்டை வாங்கி இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தான். நான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடும்போது கேடயம் இருந்த மாதிரிதான் ஞாபகம் என்றான், ஆனால் சத்தியம் செய்ய முடியாது, கண் சொக்கிக்கொண்டு வந்தது, எதையாவது தப்பாக அமுக்கியிருப்பேன் என்றான். சண்முகம் கோபித்துக்கொண்டு எழுந்து போன பிறகு என் தோளில் கை வைத்தான்.

"நீ எழுதினது நல்லதாப் போச்சு குரு. ஃப்ரெண்டாச்சேன்னு மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரு டீ ஆறுகிற நேரம் போதும். நான் "பிடு குரு" என்றேன், அவனுடைய வார்த்தையையே எடுத்து. அவனும் சிரித்தான்.

விளையாட்டுச் சாமான்தானே, போனால் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் பிரஸ் ஷாப்பை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். ஓடிப்போய்க் கேட்டேன். அந்த மெஷினில் அவனை மாதிரி வேலை செய்ய இன்னொரு ஆள் இல்லை, அடுத்த வருடம் அவன்தான் லீட் ஆபரேட்டர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். தகட்டில் பட்ட எண்ணெயைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"கேடயம் எப்படிப் போச்சுன்னே எனக்குத் தெரியல குரு. தூக்கக் கலக்கத்துல என்ன பண்றேன்னு எனக்கே தெரியலன்னா, நாளைக்கு கை போனாலும் இப்படித்தான் தெரியாமப் போவும்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஸ்டோர் நல்லதுதான், உடம்புக்கு அலுப்பில்லை என்றேன். விளையாட்டையும் அன்றோடு விட்டான். சென்டர் இழுத்து மூடப்பட்டபோது அந்த நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

இதோடு நான் நின்றிருந்தாலும் பரவாயில்லை. இந்த வலைப்பதிவை ஆரம்பித்ததும் எழுத விஷயம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பதிவு. தூங்கி வழிந்துகொண்டே உலகத்தில் யாரிடமும் இல்லாத கேடயத்தை எங்கேயோ போட்டுவிட்டு அஞ்செட்டி பஸ் ஏறிய ஆள் என்று அவனை வைத்து ஒரு பக்கம் முழுக்கச் சிரிக்க வைத்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். பின்னூட்டத்தில் எதைத் தொலைத்தாலும் 'பசவராஜ் ஆகிவிட்டேன்' என்று எழுத ஆரம்பித்தீர்கள். பெயரையாவது மாற்றியிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. ஒருநாள் அவனே வந்து படித்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு பின்னூட்டமும் போட்டான். "நல்லா எழுதிருக்க குரு. ஊட்டுக்காரிக்கு படிச்சுக் காட்னேன், அவளுக்கு ஒரே சிரிப்பு." அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறேன்.

காரியத்துக்கு நானும் சண்முகமும் போனோம். முன்வாசலில் நான்கு மாடுகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவன் தம்பி மாதேஷ் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தான். கவருக்குள் அந்த நாற்பது பக்க நோட்டு. மாதேஷும் இப்போது ஒரு கம்பெனி ஸ்டோரில்தான் இருக்கிறான். தனக்கு அண்ணன் வேலை சொல்லிக் கொடுத்ததே இதை வைத்துத்தான் என்றான். ஸ்டோருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பசவராஜ் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவானாம். "'எல்லாம் சரி'ன்னு பொத்தாம்பொதுவா எழுதினது நான், எடுக்கும்போது கண்ணால பாத்தத மறைக்காம எழுதினது என் ஃப்ரெண்டு, இவன மாதிரி எழுதணும்" என்பானாம்.

சண்முகம் பக்கத்திலேயே நின்றிருந்தான்.  அங்கேயே, வாசலிலேயே, சொன்னேன். கேடயத்தைக் கொடுத்து ஏமாந்தவன் நான், பழியை நோட்டில் எழுதி உன் அண்ணன் தலையில் கட்டியவனும் நான் என்று சொன்னேன். சண்முகம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாக ரோட்டுக்கு நடந்தான். இன்றுவரை பேசவில்லை. பேசாமலிருக்க அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு. மாதேஷ் மட்டும் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப அண்ணனுக்கு தூக்கத்துல ஒண்ணும் ஆவலீங்களாண்ணா?"

"இல்லப்பா. ஒண்ணும் ஆகல."

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா. மெஷினுகிட்ட திரும்பப் போயிருக்கும். கடைசி வரைக்கும் அதப் பத்தியேதான் பேசும்."

அவன் திட்டவில்லை. நோட்டை என்னிடமே கொடுத்தான். வீட்டில் வைத்துக்கொள்ள இனி மனசு வராது என்றான்.

பழைய பதிவை நான் அழிக்கப் போவதில்லை. அதன் மேலே இந்தப் பதிவுக்கான இணைப்பைப் போட்டிருக்கிறேன், வந்து சிரித்தவர்கள் எல்லோரும் இதையும் படிக்க வேண்டும். இனி யாரும் இங்கே எதையாவது தொலைத்துவிட்டு அவன் பெயரைச் சொல்ல வேண்டாம், என் பெயரைச் சொல்லுங்கள்.

பசவராஜிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த நோட்டு. அதில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் தினமும் திறந்து பார்க்கிறேன். கீழே என் பொய், என் கையெழுத்து. மேலே, அவசரமாகச் சாய்ந்த எழுத்தில், 'எல்லாம் சரி' என்று அவன் கையெழுத்து. அவன் எழுதியது உண்மை. அன்று காலை பத்து மணிக்கு, அவன் என் கையில் விட்டுப்போனபோது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.