காய் விடச் சொன்ன அணில்

தமிழ் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. சோப்பு, குக்கர், நகைக்கடை என்று எதற்கெல்லாமோ குழைந்து பேசியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பெங்களூர் இந்திராநகரில் ஒரு விளம்பரக் கம்பெனி என்னை அணிலாக்கப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

விற்க வேண்டியது மசாலா தூவிய சோள வறுவல். "பாக்கெட்டப் பாத்தா பசங்களுக்கு ஒரு ஃப்ரெண்டு தெரியணும் மேடம்" என்றார் கம்பெனியின் தலைவர். தாடி நரைத்த பிறகும் கார்ட்டூன் போட்ட பனியன் அணிபவர். சுவர் முழுக்க அணில் படங்கள் ஒட்டியிருந்தன. தொப்பி போட்ட அணில், கண்ணாடி போட்ட அணில். தொப்பை வைத்த ஒன்றை மட்டும் கிழித்துப் போட்டிருந்தார்கள். குண்டாக இருந்தால் தப்பான மெசேஜ் போய்விடுமாம். தின்கிற பிள்ளை எப்படிப் போனாலும் அணிலின் இடுப்பு மெலிந்திருக்க வேண்டும். வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை, ஏதோ தேசியக் கொடி வரைபவர்களைப் போல ஒரு காலை முழுக்கப் பேசினார்கள்.

வறுவல் முதலாளியின் மேனேஜரும் வந்திருந்தார். அம்மாவிடம் வறுவல் கேட்கும் அணிலாகப் பேசிக் காட்டச் சொன்னார். பேசினேன்.

"இது கேக்குற மாதிரி இருக்கு. கேக்கக் கூடாது, சிணுங்கணும்."

எப்படிச் சிணுங்குவது என்று ஆளாளுக்குச் செய்து காட்டினார்கள். படித்து, சம்பளம் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள், ஏசி அறையில் வட்டமாக உட்கார்ந்து "மம்மீ, ப்ளீஸ் மம்மீ" என்று அழுதார்கள். மேனேஜர் ஒருபடி மேலே போய், கார்ப்பெட்டில் படுத்துக் காலை உதைத்து உருண்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டே, "எங்க சின்னவன் மால்ல இப்பிடித்தான் உருளுவான்" என்றார்.

"அவனுக்கு இந்த வறுவல வாங்கிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே, என் வொய்ஃப் இதெல்லாம் வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

சொல்லும்போது கூச்சத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை.

மறுநாள் வசனம் வந்தது. எழுதியது கோயம்புத்தூர்ப் பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். 'அம்மா வாங்கித் தரலையா? காய் விடு! வாங்கித் தந்தாச்சா? பழம் விடு!' அணில் என்றால் பழம், சண்டை என்றால் காய் என்று அவன் விளக்க, தமிழ் வாசிக்கத் தெரியாத தலைவர் அவன் தோளில் தட்டினார்.

"பெத்தவகிட்ட காய் விடச் சொல்றதா? இத நான் பேசமாட்டேன்" என்றேன்.

"அணில்தான மேடம் சொல்லுது, நீங்களா சொல்றீங்க?" என்றான் பையன்.

மேனேஜர் சமாதானம் செய்வதாக நினைத்து, "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காமே? கூட்டிட்டு வாங்க. குழந்தையே சொன்னா இன்னும் நாச்சுரலா இருக்கும்" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். "அவளுக்கு ஸ்கூல் இருக்கு சார். உங்க சின்னவனக் கூட்டிட்டு வாங்க. நல்லா உருளுவான்னு சொன்னீங்களே."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மர்பி டவுன் வீட்டுக்கு வந்து சொன்னபோது, கணவர் பொம்மசந்திரா ஃபேக்டரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இதுக்குப் போய் சண்டையா? பஜ்ஜி விக்கிறவனும் கூவித்தான விக்கிறான்?"

"அவன் என்னப் பாத்துக் கூவுறான். என் புள்ளயத் தூண்டிவிட்டு எனக்கு எதிரா நிறுத்துறதில்ல."

அவர் ஷூ லேசைக் கட்டியபடி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறொருத்தி குரலில் அணில் வந்தது. டிவியில் பார்த்தேன். மெலிந்த இடுப்போடு குதித்தது, சிணுங்கியது. பிள்ளைகள் சீந்தவே இல்லை. எதிர்க் கம்பெனிக்காரன் பாக்கெட்டுக்குள் ஸ்டிக்கர் போட்டான், எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. மழைக்காலம் முடிவதற்குள் பாக்கெட்டிலிருந்து அணிலை எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் தலைவரே போன் செய்தார். "இந்தத் தடவ ஆந்தை மேடம். பால்ல கலக்குற பவுடர். அம்மா பேச்சக் கேக்கணும்னு சொல்லும். உங்களுக்குப் புடிக்கும்."

"ஏன், பவுடர் வாங்குறது அம்மாவா?"

"கரெக்ட்! நீங்க எங்க ஆபீஸ்ல இருக்க வேண்டியவங்க மேடம்."

மனதாரப் பாராட்டினார். நான் போனை வைத்துவிட்டேன். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.